என் மனைவியின் பைக்கை நான் கழற்றிய கதை

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி வாயிலிருந்து நீங்கள் கேட்பதைவிட என் வாயிலிருந்து கேட்டால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். கிடங்கில் பெட்டி எண்ணுவது என் வேலை. அந்தக் கணக்கே சில நாள் உதைக்கும். அப்படிப்பட்டவன், ஓடிக்கொண்டிருந்த அவளுடைய பைக் என்ஜினைக் கழற்றினேன்.

ஓடிக்கொண்டிருந்தது என்றால், புகைந்துகொண்டே ஓடியது. மாசாயில் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் அவள் நுழைந்தாலே, கொசுவுக்குப் புகை அடிக்க வந்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் ஜன்னலைச் சாத்துவார்கள்.

“கடையில குடுத்துடலாம்,” என்றாள்.

“கடைக்கு எதுக்குலா? பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கு, அவ்வளவுதான். நானே மாத்திடுறேன்.”

கைப்பேசியில் அதைப் பற்றி ஒரு வீடியோவை முழுதாகப் பார்த்திருந்தேன், விளம்பரத்தைக்கூடத் தள்ளிவிடாமல்.

அன்றிலிருந்து அவள் பாசிர் கூடாங்கில் வேலைக்கு ஃபேக்டரி பஸ்ஸில் போனாள். அந்த பஸ் ஊரில் உள்ள சந்து பொந்தெல்லாம் சுற்றித்தான் ஆள் ஏற்றும். தினமும் விடியுமுன் எழுந்து, போர்ச்சில் செய்தித்தாள் மேல் பரப்பிக் கிடந்த தன் பைக்கைத் தாண்டிக்கொண்டு போவாள்.

வண்டி அந்தக் கோலத்தில் கிடந்தபோதுதான் ஆயுத பூஜை வந்தது. மற்ற வீடுகளில் முழு வண்டிக்குப் பூஜை நடந்தது. நாங்கள் உதிரிகளுக்கு நடத்தினோம். சந்தனத்தை நன்றாகக் கெட்டியாகக் குழைத்து, குங்குமம் சேர்த்து, பிஸ்டன், என்ஜின் கூடு, போல்ட் துளை என்று கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன்.

“பிஸ்டனுக்குக் காது குத்தலையா?” என்றாள் மனைவி.

பிறகு பூட்டும்போது, உள்ளே போகிற சாமான்களையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவினேன். அந்த அளவுக்கு அறிவு இருந்தது. வெளியே இருந்த பொட்டுகளை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். சாமி காவலுக்கு இருக்கட்டுமே.

எல்லாம் பூட்டி, அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினேன்.

உர்ர்… உர்… ம்.

பிரியாணி விருந்துக்குப் பிறகு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்க்கிற ஆள் மாதிரி, பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துகொண்டது. உடனே கிக்கரை மிதித்துக் காட்டினேன். ஒரே மிதியில் ஓடியது. துளிப் புகை இல்லை.

“பாத்தியா?”

“எனக்கு முட்டி வலி. ஃபேக்டரி வாசல்ல யாரு கிக் அடிப்பா? நீங்க வருவீங்களா?”

வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் விரலை நீட்டிவிட்டாள்.

“சனிக்கிழமைக்குள்ள பட்டன்ல எடுக்கணும். இல்லன்னா பைக்கு கடைக்குப் போகுது. உங்க டூல்பெட்டி பழைய இரும்பு லாரிக்குப் போகுது.”

அந்தப் பெட்டிதான் என் உயிர். எதற்கென்றே தெரியாத ஸ்பேனர்கள்கூட அதில் உண்டு. ஒருநாள் தெரியவரும் என்ற நம்பிக்கையில் துடைத்து வைத்திருக்கிறேன்.

புது பேட்டரி போட்டேன். உர்ர்… ம். எண்ணெய் கெட்டியாக இருக்குமோ என்று வடித்துவிட்டு மெல்லிசான எண்ணெய் ஊற்றினேன். உர்ர்… ம். ரிங்கை இறுக்கமாகப் போட்டுவிட்டேனோ, மறுபடி என்ஜினைத் திறந்துவிடலாமா என்று வாய்விட்டு யோசித்தேன். அடுக்களையில் கரண்டி விழும் சத்தம் கேட்டது. யோசனையை நிறுத்திவிட்டேன்.

சனிக்கிழமை காலை மனைவியின் தம்பி வந்தான். லாரி ஓட்டுகிறவன். என் துன்பம் எதுவாக இருந்தாலும் அதைப் பார்க்க நேரம் ஒதுக்கிவிடுவான். என்ஜின் லேசாகச் சுற்றட்டும் என்று ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பட்டனை அழுத்தினான். அப்போதும் அதே முனகல்தான்.

“என்ஜின் இறுக்கம் இல்ல மாமா. கரண்டுதான் சரியாப் போகல,” என்று, தான் கொண்டுவந்த ஜம்பர் வயரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை நேராக என்ஜின் உடம்பிலும் கவ்வ வைத்தான்.

விர்ர்ர்ர். வண்டிக்குக் கீழே படுத்திருந்த பூனை எதிர்வீட்டுக்கே போய்விட்டது.

“எர்த்துதான். கழட்டுங்க.”

மைனஸ் வயர் என்ஜினோடு சேர்கிற போல்ட்டைக் கழற்றினேன். வயரின் வளையத்துக்கும் இரும்புக்கும் நடுவே மஞ்சளும் சிவப்புமாக ஏதோ காய்ந்து, வளையத்தின் அச்சு பதிந்து, வடை மாதிரி உட்கார்ந்திருந்தது.

“மாமா, என்னா இது?”

“பொட்டு.”

“எர்த் போல்ட்டுக்கா?”

“எல்லாத்துக்கும்தான் வெச்சேன். இத மட்டும் ஏன் விடணும்?”

“அலமாக்,” என்று தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். “கரண்டு பாவம் மாமா. கோயில் வாசல்ல செருப்பக் கழட்டி வெச்சிட்டு உள்ள போக வேண்டியதா இருக்கு.”

அவன் சிரித்து முடிப்பதற்குள், தெருக்கோடியில் பழைய இரும்பு லாரியின் ஒலிபெருக்கி கேட்டது. நான் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்த வேகத்தில் போல்ட் துளை பளபளத்தது. வயரைப் பூட்டினேன். பிளக்கைப் போட்டேன். பட்டனைத் தொட்டேன். எடுத்துவிட்டது.

மனைவி வெளியே வந்தாள். தானே அணைத்து, தானே பட்டனை அழுத்திப் பார்த்தாள். மறுபடி ஒருமுறை. என் வேலையில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. லாரி எங்கள் வீட்டைத் தாண்டிப் போயிற்று. அதோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

“கடைக்காரன் செஞ்சிருந்தா இப்படி வருமா? கார்புரேட்டர மட்டும் ஒருவாட்டி கழட்டி சுத்தம் பண்ணிட்டா, இன்னும்…”

அவள் கையை நீட்டினாள். பைக் சாவியை வைத்தேன். கை மடங்கவில்லை.

“டூல்பெட்டி சாவியுமா?” என்றேன்.

“அதுக்குத்தான் நிக்கிறேன்.”