கண்ணாடிக்குள் ஒரு தாடை

இன்று பெரிய கடைவீதியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கினேன். அலங்காரத்துக்கு அல்ல. மேல் ஸ்தாயிக்குப் போனால் என் தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிறதாம். “கண்ணாடிக்கு முன்னால உக்காந்து சாதகம் பண்ணும்” என்று சொல்லிவிட்டார் பாட்டு வாத்தியார். வருகிற வாரம் என் முதல் கச்சேரி.

ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். யுத்த காலத்தில் பெட்ரோல் ஏது? கரி வாயுவில் ஓடும் வண்டி, காவிரிப் பாலத்தில் தூக்கத்தில் நடப்பதுபோல ஊர்ந்தது.

மடியில் கண்ணாடியை நிமிர்த்திப் பிடித்திருந்தேன். என் முகத்துக்குப் பின்னால், ஜன்னல் வழியே, ஆறும் வானமும் மெல்ல மிதந்து போயின. என்னை அறியாமலே மோகன ராகத்தை முணுமுணுக்க ஆரம்பித்தேன்.

“ஏன் தம்பி, பல்வலியா?”

எதிர் பெஞ்சில் அத்தர் வியாபாரி ராவுத்தர் ஒருவர். “ஒரு கிராம்ப வச்சுக் கடிங்க, சரியாயிடும்.”

“இல்லீங்க, பாடுறேன்.”

“அடடே! அப்ப நிறுத்தாதீங்க.”

தோளை இறக்கினேன். தாடையைத் தளர விட்டேன். குரல் தானாக மேலே ஏறியது. பஸ் எங்கும் அத்தர் வாசனை. மேல் ஷட்ஜத்தில் நின்றபோதும் கண்ணாடிக்குள் என் முகம் அசையவில்லை!

பெருமையோடு நிமிர்ந்து பார்த்தேன். ராவுத்தர் கண்களை மூடியிருந்தார். புருவம் நெற்றிக்கு ஏறியிருந்தது. தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

என் தாடையை ஒருவழியாகப் பழக்கிவிட்டேன். கச்சேரிக்கு வரப்போகிறவர்களே, உங்கள் தாடைகளுக்கு யார் கண்ணாடி பிடிப்பது?