அற்புதமலருக்குச் சொல்ல வேண்டிய சேதி

ஞானப்பூ திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஊழியத்துக்கென்று கப்பலேறி வந்தவள். ஒண்டிக்கட்டை. பதுளையில் பஸ் ஏறி, மடுல்சீமையில் இறங்கி, தேயிலை லொறியில் நின்றபடியே தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. தகரம் போட்ட சின்னக் கோயில், அதன் முதுகில் ஒட்டிய ஓர் அறை, ஏழெட்டு வேதக்காரக் குடும்பங்கள். அவளுடைய ராஜ்ஜியம் அவ்வளவுதான். எல்லோரும் அவளை "அம்மா" என்றார்கள். அவள் எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் மரியாதை பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்னாது அல்லவா?

முதல் ஈஸ்டருக்கு வெள்ளைச் சேலையைத் துவைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் ஊரில் விடியலில் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு வருவார்கள். பாட்டு முடிந்து வீடு திரும்பினால் அம்மா கறி வதக்கும் வாசனை வரும். இங்கே வந்தது பாட்டல்ல, தப்புச் சத்தம். தினமும் ஆட்களை எழுப்பி, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு விரட்டுகிற அதே தப்பு. ஞாயிற்றுக்கிழமையுமா என்று பதறி வெளியே வந்தால், வரிசை வீடுகளான லயத்து ஜனம் மெழுகுவத்தியும் கையுமாகக் கோயிலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. தேயிலைச் சரிவுக்குக் கீழே இருந்த கல்லறைத் தோட்டத்துக்குத்தான் அத்தனை பேரும் போனார்கள்.

அங்கே ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் மண்மேட்டுக்கு முன்னால் குந்தினார்கள். தூங்குகிறவரை எழுப்புவதுபோல மண்ணை உள்ளங்கையால் தட்டி, உறவு சொல்லிக் கூப்பிட்டு, "ஆண்டவரு எந்திரிச்சிட்டாரு" என்றார்கள். பிறகு வீட்டுச் சேதிகள். பசு கன்று போட்டது, மகள் பெரியவளானது, கங்காணி மாறியது, எல்லாம். ஞானப்பூவும் உள்ளே நுழையப் போனாள். கோயில் பெரியவர் சிங்கராயர் தடுத்தார்.

"கேட்டுக்கு வெளியவே நில்லுங்கம்மா. உள்ள உங்களுக்குன்னு யாரும் இல்லீங்களே."

வஞ்சமில்லாமல்தான் சொன்னார். அடக்கம் பண்ணிய சொந்தம் இல்லாதவர்கள் வெளியே நிற்பது அந்தத் தோட்டத்து வழக்கம். இருந்தாலும் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்றைய பிரசங்கத்தில் பொரிந்து தள்ளிவிட்டாள். அவர் இங்கே இல்லையென்று தூதனே சொன்ன பிறகும் கல்லறைக்கு ஓடுவானேன், செத்தவரோடு பேசச் சொல்லி எந்த வேதத்தில் இருக்கிறது என்றெல்லாம் கேட்டாள். ஜனம் பவ்வியமாகத் தலையாட்டியது. அடுத்த வருடமும் தப்பு அடித்தது.

"தேடிப் போகலீங்கம்மா," என்றார் சிங்கராயர். "சொல்லிட்டு வரத்தான் போறோம். அவுங்களுக்கு வேற யாரு சொல்லுவா?"

அந்த மனுஷனோடு மல்லுக்கு நின்று பயனில்லை. வருடாவருடம் அவளும் போய் கம்பிக் கேட்டுக்கு வெளியே நின்றாள். பனியில் மெழுகுவத்தி அணைந்து அணைந்து போகும். உள்ளே போய் நெருப்புக் கேட்க ரோஷம் விடாது. அணைந்த வத்தியைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் தங்கள் சொந்தங்களோடு பேசி முடிக்கும்வரை அப்படியே நிற்பாள்.

அவளுடைய தபாலெல்லாம் மடுல்சீமை பஜாரில் முஸ்லிம் வியாபாரி இத்ரூஸ் நாநாவின் கடைக்குத்தான் வரும். ஒருநாள் அரிசி வாங்கப் போனவளை அவர் உட்காரவைத்து, சீனி போட்ட தேத்தண்ணி கொடுத்து, அவள் குடித்து முடித்த பிறகுதான் தந்தியை எடுத்தார்.

"உங்கட உம்மா மவுத்தாகிட்டாவாம் தங்கச்சி. அடக்கமும் முடிஞ்சிட்டாம்."

அந்த நாட்டில் அவளை உறவு சொல்லிக் கூப்பிட்ட முதல் வாய் அதுதான். அந்த ஒரு சொல்லுக்கே அவள் உடைந்து அழுதாள். ஊருக்குப் போய் இனி ஒன்றும் ஆவதற்கில்லை. ஒரே அண்ணன் பம்பாயில். ஊரில், பனைவிளை வேதக்கோயிலுக்குப் பின்னால் அம்மா தனியாகக் கிடப்பாள். அந்த வருடம் கேட்டுக்கு வெளியே நிற்கும்போது, அம்மாவுக்கு யார் சொல்லுவார்கள் என்று மனம் கேட்டது. சீ, என்ன நினைப்பு இது என்று அதை அதட்டினாள். அது அடங்கவில்லை.

இரு நாட்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். பட்டியலில் சிங்கராயர் பேரும் வந்துவிட்டது. அவர் மனைவி அற்புதமலர் சின்ன வயதில், பிரசவத்தில் போனவள். ஞானப்பூ வருவதற்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டாள். ஒரு சாயங்காலம் சிங்கராயர் வந்து வாசலில் நின்றார்.

"புள்ளைகளோட போறேங்கம்மா. மலரு மட்டுந்தான் இங்க. ஈஸ்டருக்கு நீங்க போயி அவகிட்ட சொல்லணும்."

"நானா? அதை எதிர்த்துப் பிரசங்கம் பண்ணினவகிட்டயா கேக்குறீங்க?"

"மத்தவுங்களும் ஒவ்வொருத்தரா போயிருவாங்க. நீங்கதானுங்க இங்க இருப்பீங்க."

இந்தியாவிலிருந்து வந்தவள் இங்கே இருக்கப்போகிறாள். இந்தியாவைக் கண்ணாலும் காணாதவர் அங்கே போகப்போகிறார். சிரிக்க வேண்டிய கூத்துதான். இருவரும் சிரிக்கவில்லை.

"எங்கம்மாகிட்ட நீங்க போய்ச் சொல்லுவீங்களா?" என்று அவள் கேட்டுவிட்டாள். "சாத்தான்குளம் பக்கம் பனைவிளை. தங்கபுஷ்பம்னு பேரு."

"போறேங்கம்மா," என்றார்.

அவர் போன பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். இந்தியா என்ன தோட்டமா, இந்த மேட்டில் ஏறி அந்த மேட்டில் இறங்க? பிழைக்க வழி தெரியாமல் போகிறவரிடம் போய் இதைக் கேட்கலாமா என்று வெட்கப்பட்டாள்.

அடுத்த ஈஸ்டருக்கு முதன்முறையாகக் கேட்டைத் தாண்டினாள். மண்ணைத் தட்டினாள். என்ன உறவு சொல்லிக் கூப்பிடுவது? கடைசியில் இத்ரூஸ் நாநா தனக்குக் கொடுத்ததையே எடுத்தாள். "தங்கச்சி, ஆண்டவரு எந்திரிச்சிட்டாரு."

பிறகு அது வழக்கமாகிவிட்டது. அரிசி கிடைக்காமல் மரவள்ளி அவித்துத் தின்ற வருடமும், பெரட்டுத் தப்புக்காரரே குடும்பத்தோடு ரயில் கோச்சி ஏறிப் போன வருடமும் அவள் போய்ச் சொன்னாள். வேதக்காரர் லயம் அறை அறையாக, ஒவ்வொரு காம்பராவாகக் காலியானது. சிங்கராயரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அவள் எதிர்பார்க்கவுமில்லை.

கடைசி வீடும் காலியான பிறகு, அவளை ஊழியத்துக்கு அனுப்பிய மிஷனில் கொஞ்சநாள் ஊருக்கு வந்துபோகச் சொன்னார்கள். போனாள். ஈஸ்டர் விடியலில் பனைவிளைத் தெருவில் பாட்டுப் பவனி வந்தது. இதற்காகவா இத்தனை வருடம் ஏங்கினோம் என்று இருந்தது. மடுல்சீமையில் மலர் காத்துக் கிடப்பாள், இந்த வருடம் சொல்ல ஆளில்லை. பாட்டுக்காரர்களை விட்டுவிட்டு அவள் கல்லறைக்கு நடந்தாள்.

அம்மா கல்லறையில் முள் மண்டிக் கிடந்தது. விலக்கிப் பார்த்தால் கல் முழுக்க உருகி உறைந்த மெழுகு, அடுக்கடுக்காக. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோவில்குட்டி பின்னாலேயே வந்துவிட்டார்.

"மலைத்தோட்டத்துலேர்ந்து வந்த பெரியவரும்மா. வருசந்தவறாம ஈஸ்டருக்கு வந்துருவாரு. கல்லறையத் தட்டித் தட்டி, 'ஆத்தா, ஆண்டவரு எந்திரிச்சிட்டாரு, ஒங்க மக சொகமா இருக்காங்க'ன்னு கத்துவாரு. கிறுக்குன்னு நெனச்சோம். கடைசியா வந்தப்ப ஒரே இருமலு. ரெண்டு வருசமா காணல."

"எந்த ஊர்ல இருந்தாரு?"

"யாரும் கேக்கலம்மா."

ஞானப்பூ அந்தக் கல்லின்மேல் தலையை வைத்து அழுதாள். அம்மாவுக்காக அழவில்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்ற எங்கிருந்தோ பஸ் ஏறி வந்த மனுஷன், இவ்வளவு பெரிய நாட்டில் எந்த மேட்டுக்கு அடியில் கிடக்கிறாரோ, அவருக்கு ஒருவர் போய்ச் சொல்ல முடியாதே என்று அழுதாள்.

இங்கேயே இருந்துவிடு என்று மிஷனில் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. அடுத்த ஈஸ்டருக்கு மடுல்சீமைத் தோட்டத்தில் தப்பு அடிக்கவில்லை. அவளே எழுந்து, துருப்பிடித்த கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் குந்தினாள்.

"தங்கச்சி, ஆண்டவரு எந்திரிச்சிட்டாரு. போன வருசம் நான் வரல, மன்னிச்சுக்கோ. உன் வீட்டுக்காரரு சொன்ன சொல்லு தவறல. வருசா வருசம் எங்கம்மாகிட்ட போய்ச் சொல்லியிருக்காரு."

மண்ணை இன்னொரு முறை தட்டினாள்.

"அவரு எங்க படுத்திருக்காருன்னு எனக்குத் தெரியலம்மா. அவருகிட்ட நீதான் சொல்லணும்."