கோர்ட்டில் கூப்பிடுகிறவரின் இருமல்

அரசு ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலில் அவளுக்கு ‘மின்னல்’ என்று பெயர். சீட்டு உள்ளே வருவதற்குள் மாத்திரை வெளியே போய்விடும் என்பார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனாலும் ஜனங்கள் அவள் ஜன்னலுக்குத்தான் முண்டியடிப்பார்கள். அந்தப் பெருமையோடுதான் மருந்தாளுநர்களுக்கான மேற்பயிற்சியில் சேர்ந்தாள். புதிதாக என்னத்தைச் சொல்லித்தந்துவிடப் போகிறார்கள் என்ற எண்ணம் வேறு.

முதல் வகுப்பிலேயே, அவளைவிட வயதில் சின்னவளான ஆசிரியை கேட்டாள்: “நீங்க குடுக்கிற மாத்திரை வீட்டுக்குப் போனப்புறம் என்ன ஆகுது?”

மின்னலுக்குச் சுருக்கென்றது. ஜன்னலைத் தாண்டிப் போன மருந்தைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை. அன்றிலிருந்து ஆர்வம் பிடித்து ஆட்டியது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கொட்டாவி விட்டால்கூட, என்ன மாத்திரை சாப்பிடுகிறாரோ என்று மனம் நோண்டும்.

யாராவது ஒருவருடைய மருந்துகளையெல்லாம் பரப்பிவைத்து விசாரித்து வரச் சொன்னார்கள். ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை, கணவர் இருந்தார். கோர்ட்டில் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை அவருக்கு. மாடிவரை கேட்கிற குரல், ஒரு வருஷமாக வறட்டு இருமலில் மாட்டி நொண்டியடித்தது. பாதிப் பேரில் இருமல் வந்து, கூப்பிட்டது யாரை என்று தெரியாமல் நாலு பேர் உள்ளே நுழைந்த கூத்தும் நடந்தது. இப்படியே போனால் பழைய கேஸ் கட்டுகள் கிடக்கும் அறைக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் இடிந்துபோயிருந்தார்.

சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பினாள். மூன்று வகை இருமல் மருந்து, மூன்றும் அவளே கொண்டுவந்தவை. ஓரமாக ரத்த அழுத்த மாத்திரை.

“இருமல் எப்பங்க ஆரம்பிச்சது?”

“பிரஷர்னு சொன்னாங்களே, அதுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு. ஏன், போலீஸ் மாதிரி கேக்கிற?”

அவள் கண் ஓரமாகக் கிடந்த ரத்த அழுத்த மாத்திரைக்குப் போயிற்று. அந்த மாத்திரை சிலருக்கு வறட்டு இருமல் தரும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் அவள். ஆனால் வீட்டில் இருமல் கேட்டதும் கை தானாக மருந்து அலமாரிக்குத்தான் போயிற்று. அந்த மாத்திரையை ஒரு நாள் தவறாமல் அவர் உள்ளங்கையில் வைத்ததும் அவள்தான்.

மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனாள். “இருக்கலாம், மாத்திப் பார்த்துடுவோம்” என்று அவர் வேறு மாத்திரை எழுதினார். முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை. கணவர் குளிக்கப் போனால்கூடக் கதவோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் மெல்லக் குறைந்தது.

ஒருநாள் லீவு போட்டுவிட்டு, அவரிடம் சொல்லாமல் கோர்ட் வராந்தாவில் போய் நின்றாள். உள்ளேயிருந்து ஒரு பேர் வந்தது, முழுசாக, கணீரென்று. அவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். எந்தக் கேஸில் தோற்றீர்கள் என்று ஒரு வக்கீல் கரிசனமாக விசாரித்தார்.

சாயங்காலம், பரீட்சையில் எழுதியதை வீட்டில் மறந்துபோனது உட்பட எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னாள்.

“அப்ப, ஒரு வருஷமா என்னை இருமவெச்சது நீதானா?” என்று விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வழக்கம்போல் கையை நீட்டினார். அவள் மாத்திரையைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். “இதுல சில பேருக்குக் கால் வீங்கும். அப்படி ஏதாவது தெரிஞ்சா உடனே எங்கிட்ட சொல்லணும்.”

“இத்தனை நாள்ல இப்படியெல்லாம் எங்கிட்ட சொன்னதே இல்லையே?”

“யாருக்குமே சொன்னதில்லைங்க” என்றாள்.