கால்வலிக்குச் சட்டத்தில் தடையில்லை

சிவப்புப் பேனாவை வாயில் கவ்வியபடியே சங்கத் தீர்மானங்களைப் படிப்பார் டோனல் ஹெஃபர்னன். 'அரசு' என்ற சொல் வந்ததும் பேனா கீழே இறங்கும். "இது கொள்கை. அடி."

அயர்லாந்தில், அத்லோன் ராணுவ முகாமில் சார்ஜென்ட். எங்கள் படைவீரர் சங்கத்தின் செயலாளர். சம்பளம், சாப்பாடு, ஈரச்சுவர், வேலை நேரம் பற்றிச் சங்கம் பேசலாம். அரசின் கொள்கையைப் பற்றி மூச்சு விடக்கூடாது, சட்டம் அப்படி. பதினாறு வருடமாக அந்தக் கோட்டின் மேலேயே நடந்து பழகியவர், வீட்டிலும் இறங்குவதில்லை. "சமையலறைக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம்னு கேட்டா, அது கொள்கை முடிவு, கருத்து சொல்ல முடியாதுங்கிறாரு" என்று அவர் மனைவி நோரின் பப்பில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அவரும் மீசையில் ஒட்டிய கறுப்பு பீர் நுரையைத் துடைத்துக்கொண்டே சிரிப்பார்.

போன வசந்தத்தில் கார்ப்பரல் டெர்வ்லா ஒரு தீர்மானம் எழுதி வந்தாள். வாரத்துக்கு மூன்று முறை இருபத்துநான்கு மணி நேரக் காவல். மகள் அவளை 'விருந்தாளி' என்கிறாளாம்.

"ஆள் எடுக்க மாட்டேங்கிறாங்க, சார்ஜென்ட். அத எழுதாம வேற எத எழுத?"

"ஆள் எடுக்குறது கொள்கை. உனக்குக் கால் வலிக்குதா?"

"வலிக்காம?"

"அது வேலை நிலைமை. கால்வலிய எழுதும்மா."

நான்கு முறை அடித்து அடித்து எழுதினார்கள். கடைசியில் தாளில் அரசாங்கமே இல்லை. வீங்கிய கால், ஒரு குழந்தை, ஒரு கடிகாரம். அவ்வளவு நல்ல எழுத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

மாநாட்டுக்கு அமைச்சர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். டெர்வ்லாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. காவலில் அவளை மாற்றிவிட ஆள் கிடைக்காமல் முகாம் வாசலிலேயே நிற்கிறாள் என்று காலையில்தான் எங்களுக்குச் செய்தி வந்திருந்தது. முன்மொழிய ஆளில்லாத தீர்மானம் அடுத்த வருடத்துக்குப் போய்விடும்.

"அந்தப் பொண்ணு ஏன் வரலையாம்?" அமைச்சர் நல்ல மனதோடுதான் கேட்டார்.

கூடமே டோனலைப் பார்த்தது. பதில் ஒரே வரி; அந்த வரி முழுக்கக் கொள்கை. சொன்னால் சங்கத்தின் அங்கீகாரமே போகலாம். கோபத்தில் எனக்கு அழுகை வந்தது.

டோனல் எழுந்தார். டெர்வ்லாவின் காலி நாற்காலியைத் தூக்கி வந்து, அமைச்சரின் முழங்கால் இடிக்கும் தூரத்தில், அவரைப் பார்த்தபடி போட்டார்.