என் பெயரில் அவள் போட்ட கணக்கு

கல்யாணமாகி ஒன்பதாவது வருடம் எனக்கு மனச்சோர்வு வந்தது. காரணம் என்று சொல்ல எதுவும் இல்லை. பிள்ளையார்பாளையத்து வீட்டில் தறி ஓடியது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. காலையில் கண் விழித்ததும், ஏன் விழித்தோம் என்று மட்டும் இருக்கும். மத்தியானம் வரை பாயைச் சுருட்ட மாட்டேன். மாத்திரை பாதிதான் கேட்கிறது என்று கண்ட மனநல டாக்டரம்மா, கம்ப்யூட்டர் பயிற்சி ஒன்றையும் சேர்த்தார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. புடவைக்கு டிசைன் போட என் தம்பி வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. டாக்டரம்மா கொடுத்த சி.டி.யை அவன் அதில் ஏற்றினான். திரையில் எண்கள் ஒவ்வொன்றாக வரும். இப்போது வந்த எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணையும் கூட்டி விடையை அழுத்த வேண்டும். யோசிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். தினமும் இருபது நிமிடம், ஆறு வாரம்.

"மனசு ஒரே கவலையைப் புடிச்சிக்கினு சுத்துதில்ல, அதை இழுத்து நிறுத்தப் பழக்குறோம்" என்றார் டாக்டரம்மா. கூட்டல் கணக்கில் துக்கம் போகுமென்றால் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர்தான் ஊரிலேயே சந்தோஷமான மனிதராக இருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மூன்று நாள் உட்கார்ந்தேன். நாலாவது எண்ணிலேயே தவறிவிடும். தவறியதையே நினைத்துக்கொண்டிருந்து அடுத்த பத்தையும் விடுவேன். நான்காம் நாள் பாதியில் எழுந்துபோய்ப் படுத்துவிட்டேன். பயிற்சி முடியவில்லை என்ற அறிவிப்பு திரையில் அப்படியே நின்றது.

அதை என் மனைவி பார்த்தாள். எங்கள் வீடுகளில் தறியில் இருப்பவருக்கு முடியவில்லை என்றால் இன்னொருவர் உட்கார்ந்துவிடுவார். புடவையை யார் நெய்தார் என்று கேட்பதில்லை, முடிந்ததா என்றுதான் கேட்பார்கள். அவளும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தறியில் பாவு இழை எண்ணிப் பழகியவள், விடைகளைத் தட்டித் தள்ளினாள். மறுநாளும், அதற்கடுத்த நாட்களிலும் அவளே. படுத்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு வேலை குறைந்ததே என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆறு வாரம் முடிந்து இருவரும் மருத்துவமனைக்குப் போனோம். தம்பி அச்செடுத்துக் கொடுத்த மதிப்பெண்களைப் பார்த்து டாக்டரம்மா பூரித்துப்போனார்.

"இவ்வளவு ஏறி நான் பார்த்ததே இல்ல. அடுத்த மாசத்துலேர்ந்து மாத்திரையைக் குறைச்சிடலாம்."

என் மனைவியின் முகம் மலர்ந்தது. பாதி கேட்கிற அந்த மாத்திரையும் போனால் நான் பிழைக்க மாட்டேன்.

"அது நான் போட்டதில்லம்மா" என்றேன்.

"நான்தாம்மா போட்டேன்" என்றாள் என் மனைவி. "அவரால முடியல. முடியாதவங்க எடத்துல ஒருத்தர் உக்காந்து முடிக்கிறதுதானே? தப்பாம்மா?"

டாக்டரம்மா திட்டவில்லை. காகிதத்தை மடித்து வைத்தார்.

"தினம் போட்டீங்களே, உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. எண்ணு வந்துக்கினே இருக்குது, பயப்பட எங்க நேரம்?"

"என்ன பயம்?"

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "தறியில இருக்கும்போதெல்லாம் காது உள்ளே இவரு பக்கம்தான்மா இருக்குது. கொஞ்ச நேரம் சத்தம் இல்லன்னா, எழுந்து போய்ப் பார்க்கிறப்போ இவரு உசுரோட இருப்பாரான்னு..."

செத்துப்போகலாம் என்று எனக்குத் தோன்றியதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

மாத்திரை பழைய அளவிலேயே தொடர்ந்தது. மறுநாள் சாயங்காலம் பயிற்சியை முதலிலிருந்து தொடங்கினேன். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். முதல் பத்தில் மூன்றுதான் சரி. மற்ற ஏழுக்கும் விடை அவளுக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை. நான் எழுந்திருக்கவில்லை.