ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்த கல்யாண உலக்கை

எண்பதுகளில் தாராவியில் தச்சுப் பட்டறை வைத்திருந்தேன். செம்பூரில் ஒரு வீட்டில், மகள் கல்யாணத்துக்குள் இற்றுப்போன மர ஜன்னல்களை மாற்றச் சொன்னார்கள். நடுவே இடைவெளி விட்டுக் கட்டிய இரட்டைச் சுவர் அது. உள்சுவரில் ஜன்னலுக்கு மேல், செங்கல் பாரத்தைத் தாங்கும் கான்கிரீட் லிண்டல் தெரிந்தது. வெளிச்சுவரிலும் இருக்கும் என்று நம்பிப் பழைய சட்டத்தை உருவினேன்.

வெளிச்சுவர் செங்கற்கள் அப்படியே இறங்கின. இத்தனை காலமும் அந்தச் சட்டம்தான் அவற்றைத் தாங்கியிருக்கிறது! பலகை ஒன்றை மேலே கொடுத்துத் தோளால் முட்டி நின்றேன். விலகினால் சுவர் என் மேல்தான். மூச்சு விடவே பயமாக இருந்தது.

சத்தம் கேட்டு வந்த வீட்டுக்கார அம்மாள் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ, கல்யாண மஞ்சள் இடிக்க, மஞ்சள் பூசி மாவிலை கட்டி வைத்திருந்த உலக்கையைத் தூக்கி வந்தார்.

"யம்மா, அது நல்ல காரியத்துக்கு வச்சதுல்லா?"

"உலக்கைய அடுத்த வீட்டுல இரவல் வாங்கிக்கிடலாம். ஒன் தோள எங்க போயி வாங்க? பிடி தம்பி."

உலக்கையை நிறுத்தி ஆப்பு அடித்த பிறகே தோளை எடுத்தேன். சட்டையெல்லாம் மஞ்சள்.

புது லிண்டல் இறுகும்வரை உலக்கை அங்கேயே நின்றது. மஞ்சள் இடிக்கும் நாளில் என்னையும் அழைத்தார்கள். இரவல் உலக்கை விழும் ஒவ்வொரு முறையும் என் கண் ஜன்னலுக்கு மேலேயே போனது. அந்த அம்மாள் என் தோளைப் பார்த்தார்.

"வலி விட்டுச்சா தம்பி?"

வேலைக்குப் போன வீட்டில் என்னை ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் முறை.