வாசலில் வைத்த செருப்பு

வீட்டில் தேநீர்க் கோப்பைகூடக் கழுவாத நான், டென்மார்க்கின் ஒடென்சே நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவுப் பணியாளன். ஒருநாள் கண்பார்வை மங்கிய முதியவர் உறங்கும்போது அறையைத் துடைத்தேன். கட்டிலடியில் கிடந்த அவருடைய செருப்பை, நம்மவர் வழக்கப்படி கதவுக்கு வெளியே வைத்தேன்.

விழித்தவர் காலால் செருப்பைத் துழாவியிருக்கிறார். கிடைக்கவில்லை. வெறுங்காலுடன் இறங்கி, ஈரத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார்.

“அண்ணை, செருப்பை ஆர் எடுத்தது?” என்றாள் உடன் வேலைசெய்யும் வசந்தி.

“நான்தான். அறைக்குள்ள செருப்பு வைக்கிறதே?”

“இதென்ன கோயிலே? போய் அவரிட்டச் சொல்லுங்கோ.”

அவர் மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலியில் திரும்பியதும், சொல்லத்தான் போனேன்.

“நீ துடைத்த தரையை என் நாற்காலிச் சில்லுகள் அழுக்காக்குகின்றன, மன்னித்துக்கொள்” என்றார்.



“பரவாயில்லை” என்று அவரை மன்னித்துவிட்டு வந்தேன்.